அளந்து பார்க்கக்கூடிய தீட்டு

(திருச்சுழிக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச ஒப்புக்கொண்டிருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல; மோட்ச நரகத்தைப் பற்றியதுமல்ல. ஒரு உத்தியோகத்தைப் பற்றியதாகும். அந்த உத்தியோகத்துக்கு நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட் என்று பெயர். தமிழில் அணு மருத்துவத் தொழில்நுட்பர் என்று சொல்லலாம். இதைக் கேட்டவுடன், "கம்பும் சோளமும் மிளகாயும் விளைகின்ற இந்த மானாவாரிச் சீமையிலே, கண்மாய் நிரம்புமா நிரம்பாதா என்று வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறவர்களிடத்திலே, அணுவைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால், இந்த விஷயம் தெரியாத காரணத்தினாலேயே நம் பக்கத்தில் இரண்டு அநியாயங்கள் நடந்திருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, கழுத்துக் கட்டிக்கு வைத்தியம் செய்துகொண்டு குணமாகி வந்த ஒரு தாயை, வீட்டுக்குள் விடாமல் மாட்டுத் தொழுவத்தில் வைத்தது. மற்றொன்று, அந்த வைத்தியத்தைச் செய்கின்ற இடத்தில் வேலை பார்க்கும் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணை, "கதிர் பட்ட பெண்" என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டு பயப்படுவது. பயப்படுகிறவன் அதை அளந்து பார்க்கலாம் என்று நினையாமலிருப்பது. நாம் காலேஜில் படித்தவர்களல்ல. வாசகசாலைப் புத்தகங்களிலும், அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறோம். நாம் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். விசாரித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதிர் என்பது என்ன?

தோழர்களே! 1896-ல் பிரான்சு தேசத்தில் பெக்கரல் என்பவர், யுரேனியம் என்கின்ற உலோகத்தின் உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று புறப்பட்டு, கறுப்புக் காகிதத்தில் சுற்றிய போட்டோத் தகட்டைக் கறுக்கச் செய்கிறது என்று கண்டார். 1898-ல் மேரி கியூரி என்கின்ற அம்மாளும் அவர் புருஷரும் பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு புதுப் பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த அம்மாள் 1903-லும் 1911-லும் இரண்டு தடவை நோபல் பரிசு பெற்றார். அப்படிப்பட்டவரையும், அதே 1911-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினராக்காமல் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணை வெளியே நிறுத்துகின்ற புத்தி நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

சில அணுக்கள் நிலையாயிருக்க முடியாமல் சிதைகின்றன. சிதையும்போது கதிரை வெளிவிடுகின்றன. இவ்வளவுதான் சங்கதி. இதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. இந்தக் கதிரை வைத்தியத்துக்கு எப்படி உபயோகிக்கலாம் என்பதற்கு வழி காட்டியவர் ஹெவேசி என்கின்ற ஹங்கேரி தேசத்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். 1911-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் அவர் ஒரு வீட்டில் பணம் கொடுத்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மீந்த கறியையே அந்த வீட்டுக்கார அம்மாள் மறுபடியும் மறுபடியும் வேறு வேறு பெயரில் பரிமாறுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் தமது இலையில் மீந்ததில் கதிர்விடும் பொருளைக் கொஞ்சம் தூவிவிட்டார். பிறகு வந்த பலகாரத்தை ஒரு கருவியைக் கொண்டு சோதித்தார். கருவி காட்டிக் கொடுத்துவிட்டது! அவர் சத்தியம் செய்யச் சொல்லவில்லை, கற்பூரம் அணைக்கச் சொல்லவில்லை, குறி கேட்கவுமில்லை. அளந்து பார்த்தார், உண்மை வெளிப்பட்டது. இதே ஹெவேசி 1923-ல் செடிகளுக்குள் ஈயம் எந்த வழியாகப் போகிறது என்பதை இம்மாதிரி அடையாளப் பொருளை விட்டுக் கண்டறிந்தார். 1943-ஆம் வருஷத்து நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

அணு வைத்தியம் என்பது இந்தக் கறிக் கதையின் விரிவுதான். நோயாளியின் உடம்பில் கதிர்விடும் பொருளைச் சொற்பம் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். எலும்பை நாடிப் போகிற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் எலும்புக்குப் போகிறது. சிறுநீரகத்தை நாடும் மருந்தோடு சேர்த்தால் அங்கே போகிறது. அது போய் உட்காருகிற இடத்திலிருந்து கதிர் வெளியே வருகிறது. அதைக் காமா கேமரா என்கின்ற யந்திரம் வாங்கிப் படமாக்கிக் காட்டுகிறது. ஜனங்கள் அந்தப் பெரிய யந்திரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் காமா கேமரா கதிர் விடுவதில்லை; கதிரை வாங்கிக்கொள்ள மாத்திரமே செய்கிறது. நோயாளிதான் விளக்கு, யந்திரம் கண். எக்ஸ்ரே படம் எலும்பின் வடிவத்தைக் காட்டும். இந்தப் படம் எலும்பு என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். ஆதலால் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்னாலேயே புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறதை இதில் பல சமயம் கண்டுகொள்ளலாம்.

ஈயத்துக்குள் ஒரு பசு

இனி அந்த வேலை செய்கிறவரின் ஒரு நாளைப் பார்ப்போம். நாம் சொன்ன நெசவாளர் வீட்டுத் தோழியர் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். நோயாளிகள் வருவதற்கு முன், விடியற்காலையிலேயே அவர் போய்விட வேண்டும். முதல் வேலை, கேமரா சரியாய்ப் பார்க்கிறதா என்று சோதிப்பது. அடுத்த வேலைக்கு அவர்களுக்குள்ளேயே வழங்குகிற பெயர் பால் கறப்பது. இங்கிலீஷ்காரர்களும் அப்படித்தான் சொல்லுகிறார்களாம்.

அது என்னவென்றால், ஈயக் கவசத்துக்குள் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதில் மாலிப்டினம்-99 என்கின்ற பொருளை ஏற்றியிருக்கிறார்கள். அது சிதைந்து டெக்னீஷியம்-99எம் என்கின்ற பொருளாகிறது. உப்புத் தண்ணீரை அக்குழாய் வழியாக விட்டால் மாலிப்டினம் உள்ளேயே தங்கிவிடும். டெக்னீஷியம் மாத்திரம் தண்ணீரோடு வெளியே வரும். இன்று கறந்துவிட்டால் நாளைக் காலைக்குள் மறுபடியும் ஊறிவிடும். ஆனால் இந்தப் பசுவுக்கும் வற்றுகிற காலம் உண்டு. மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. ஆகையால் சுமார் ஒரு வாரம் கறக்கலாம்; பிறகு புதுப் பசு வரவேண்டும். கறந்த பாலுக்கோ ஆயுள் இன்னும் குறைவு. டெக்னீஷியம் 6 மணி நேரத்தில் பாதியாகும். காலை எட்டு மணிக்கு 16 பங்கு இருந்தால் பகல் இரண்டு மணிக்கு 8; இரவு எட்டு மணிக்கு 4; மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரே பங்கு. இதைத்தான் அரை ஆயுள் என்று சொல்லுகிறார்கள்.

இந்தக் கணக்கு அவரிடம் சதா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து மணிக்கு வரவேண்டிய நோயாளி பஸ் கிடைக்காமல் பன்னிரண்டு மணிக்கு வந்தால் மருந்தின் அளவு மாறிவிடும். திருச்சுழியிலிருந்து ஒரு கிழவர் வந்து சேர இரண்டு பஸ் மாற வேண்டுமென்பது அணுவுக்குத் தெரியாது. அது தன் பாட்டுக்குச் சிதைந்துகொண்டே இருக்கும். பெட் ஸ்கேன் என்பதற்கு உபயோகிக்கும் புளோரின்-18 என்கின்ற பொருள் இன்னும் அவசரக்காரப் பொருள். 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். அதைச் சென்னையில் செய்து, இந்த அருப்புக்கோட்டைக்கு ரோட்டு வழியாக எட்டு மணி நேரத்தில் கொண்டுவந்தால் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். பெரிய நகரத்தில் இருப்பவனுக்குச் சுலபமாய்க் கிடைக்கிற பரிசோதனை நம்மவனுக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு மருந்து வேண்டுதலை அல்ல. யந்திரத்தையும் பொருளையும் ஜனங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதேயாகும்.

உலகத்தில் எங்கோ நடப்பது இதில் எப்படித் தொடுகிறது பாருங்கள். 2009 மே மாதத்தில் கனடா தேசத்தில் சாக் ரிவர் என்னுமிடத்தில் இருந்த ஒரு பழைய அணு உலை கசிவின் காரணமாக நிறுத்தப்பட்டது. அந்த உலைதான் உலகத்துக்கு வேண்டிய மாலிப்டினத்தில் பெரும் பங்கைக் கொடுத்துக் கொண்டிருந்தது. உடனே பல தேசங்களில் ஆஸ்பத்திரிகளில் பரிசோதனைகள் தள்ளிப்போயின. "என் ஊர், என் ஜாதி, என் தெய்வம்" என்று இருக்கிறவனுடைய எலும்புப் படமும் ஏதோ ஒரு தேசத்துத் தொழிலாளி உலையைச் சரிபார்ப்பதில் அடங்கியிருக்கிறது!

கறந்ததை ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, உறுப்புக்குத் தக்க மருந்தோடு கலக்கிறார். ஒவ்வொரு ஊசியையும் அளவு கருவியில் வைத்து அளக்கிறார். பிறகு நோயாளியைக் கூப்பிட்டு, பெயர் என்ன, வயது என்ன என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுகிறார். ஆள் மாறிவிட்டால் கொடுத்த ஊசியைத் திரும்ப வாங்க முடியாதல்லவா? பெண்களானால் மாத விலக்கு எப்போது வந்தது, கர்ப்பமாயிருக்கக் கூடுமா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயா என்று கேட்கிறார். தாய்மார்களே! கவனியுங்கள். நம் வீடுகளிலும் மாத விலக்கைக் கேட்கிறார்கள். எதற்கு? அடுப்பங்கரைக்கு வராதே, சாமி அறையைத் தொடாதே என்று சொல்வதற்கு. அங்கே கேட்பது, வயிற்றில் ஒரு சிசு இருந்தால் அதற்குக் கெடுதி வரக்கூடாதே என்பதற்கு. கேள்வி ஒன்றுதான், இங்கே அது இழிவு, அங்கே கவலை.

எலும்புப் படத்துக்கு ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து மூத்திரம் போகவேண்டும். அப்பால் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதுகு வலியோடு வந்த கிழவிக்குத் தலையணை வைத்து, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ அப்பத்தா" என்று சொல்லி அசையாமல் வைப்பதும் அவர் வேலைதான். யந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாயிருந்தாலும் அப்பத்தா அசைந்துவிட்டால் படம் கெட்டுப்போகும்.

இரண்டு தூரங்கள்

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். ஊசி போட்ட நோயாளி சில மணி நேரத்துக்குச் சொற்பமாகக் கதிர் விட்டுக்கொண்டிருப்பார். ஆகவே இந்த வேலை செய்கிறவருக்கு மூன்று கட்டளைகள். நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஈயத்தை வை. ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் அவர்மேல் படும் கதிர் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மூன்று மீட்டருக்குப் போனால் ஒன்பதில் ஒன்று. இருட்டில் அரிக்கேன் விளக்கை விட்டுத் தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறைவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதே கணக்குத்தான்.

தோழர்களே! தூரம் வைப்பது நமக்குப் புதிதல்ல. நம் தேசத்திலும் மனிதனுக்கு மனிதன் தூரம் வைத்தார்கள். மலையாளச் சீமையில் இன்ன ஜாதியான் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், அதற்கும் கீழ்ப்பட்டவன் இன்னும் அத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே வைத்திருந்தார்கள். கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற உரிமைக்காக 1924-ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. நம் கிராமங்களில் டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்த கதையை நாம் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த இரண்டு தூரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரித் தூரத்தை மீட்டர் வைத்து அளந்து பார்க்கலாம். யார் அளந்தாலும் ஒரே கணக்குத்தான் வரும். ஜாதித் தூரத்தை அளக்க எந்தக் கருவி இருக்கிறது? தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தீட்டு எத்தனை பங்கு என்று எந்தச் சாஸ்திரி அளந்து காட்டினார்? ஆஸ்பத்திரித் தூரம் பூணூல் போட்டவனுக்கும், பறையடிக்கிறவனுக்கும், மில் முதலாளிக்கும், தறிக்காரனுக்கும் ஒன்றே. ஜாதித் தூரமோ, ஆளைப் பார்த்து வைத்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆஸ்பத்திரித் தூரம் முடிந்துபோகிறது. அதற்கு அரை ஆயுள் உண்டு. டெக்னீஷியத்துக்கு 6 மணி. அயோடினுக்கு 8 நாள். ஜாதித் தீட்டுக்கு அரை ஆயுள் எத்தனை? ஆயிரம் வருஷமா? இரண்டாயிரம் வருஷமா? அது பிறந்தவனோடு ஒட்டி, அவன் பிள்ளையோடும் ஒட்டி, பேரனோடும் ஒட்டிக்கொண்டு போகிறதே! இயற்கையில் உள்ள எந்த அணுவும் இவ்வளவு கொடுமை செய்ததில்லை.

ஆகையால் நாம் சொல்லுவது, அளக்க முடிகிற தீட்டுக்கு அளவோடு பயப்படு. அளக்க முடியாத தீட்டை உதறித் தள்ளு என்பதேயாகும்.

தொழுவத்தில் வைத்த தாய்

நம் தொண்டையின் முன்பக்கத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பில் சேருகிற அயோடினைப் பெரும்பாலும் அதுதான் இழுத்துக்கொள்ளுகிறது. ஆகவே அதில் புற்றுநோய் வந்து அறுத்து எடுத்தபின், மிச்சம் மீதி இருப்பதை அழிக்கக் கதிர்விடும் அயோடின்-131 என்பதை வாய் வழியாகக் கொடுக்கிறார்கள். போகவேண்டிய இடத்துக்கு அதுவே போய்த் தன் வேலையைச் செய்கிறது. 1941-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் தைராய்டு நோய்க்குக் கதிர் அயோடினை முதன்முதல் கொடுத்தார். அன்று முதல் எத்தனையோ லட்சம் பேர் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

பெரிய அளவில் இதைக் கொடுத்தால் நோயாளியைத் தனி அறையில் சில நாள் வைப்பார்கள். வியர்வையிலும் எச்சிலிலும் முக்கியமாக மூத்திரத்திலும் அயோடின் வெளியேறும். ஆதலால் அந்த அறைக் கக்கூசுத் தண்ணீரைத் தனித் தொட்டியில் தேக்கி, கதிர் அடங்கிய பிறகே வெளியே விடுகிறார்கள். நம் தொழில்நுட்பர் தினமும் மீட்டரோடு போய் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அளக்கிறார். சட்டம் சொன்ன அளவுக்குக் கீழே வந்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்போதும், இத்தனை நாளைக்குக் கைக்குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்காதே, கர்ப்பிணிகளிடமிருந்து தள்ளியிரு, கக்கூசில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்று, ஆறு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காதே என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்துத் தாய் ஒருவர் இப்படி வைத்தியம் முடிந்து வந்தார். காகிதத்தில் எழுதியிருந்தது சில வார விஷயம். வீட்டார் செய்தது என்ன? தொழுவத்தில் கட்டிலைப் போட்டார்கள். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். குடத்தைத் தொடவிடவில்லை. அந்த வாரங்களும் முடிந்தன, மாதங்களும் முடிந்தன, தீட்டு முடியவில்லை. அண்டை வீட்டார், "அணு ஒட்டிக்கிட்டா போகுமா?" என்றார்கள். கோடாங்கிக்காரன் வந்து, இது அணுவுமல்ல, முனியுமல்ல, போன ஜென்மத்து வினை என்று சொல்லி ஒரு சேவலையும் வாங்கிக்கொண்டு போனான். அந்த அம்மாள் புற்றுநோய்க்கு அழவில்லை. பேரப்பிள்ளை தொழுவ வாசலில் நின்று "அம்மாச்சி" என்று கூப்பிட்டு, அவனை இழுத்துக்கொண்டு போனபோதுதான் அழுதார்.

கணக்குப் பாருங்கள். 8 நாளில் பாதி. 16 நாளில் கால். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இது அணு தானாகச் சிதைவது மாத்திரம். மூத்திரத்தில் போவதையும் சேர்த்தால் இதைவிட எவ்வளவோ வேகமாகக் குறைகிறது. மறு பரிசோதனைக்குப் போனபோது, மீட்டரை அவர் பக்கத்தில் வைத்து, பிறகு கூட வந்த மருமகன் பக்கத்தில் வைத்து, "இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் காட்டுகிறது, பாருங்கள் அண்ணாச்சி" என்று காட்டினார்களாம். சாஸ்திரம் படித்துக் காட்டியிருந்தால் மருமகன் நம்பியிருக்க மாட்டான். முள் நகராததைக் கண்ணால் கண்டான். அன்று மாலை அந்த அம்மாள் வீட்டுக்குள் வந்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். "கதிராவது கிதிராவது, எல்லாம் ஆண்டவன் செயல்" என்று சொல்லி, மருந்து குடித்த மறுநாளே கைக்குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொள்வதும் முட்டாள்தனந்தான். அதிகப் பயமும் வேண்டாம்; அசட்டுத் தைரியமும் வேண்டாம். காகிதத்தில் எழுதியபடி செய்யுங்கள். எழுதிய நாள் முடிந்ததும் முடித்துவிடுங்கள்.

ரேடியம் தீர்த்தம்

விஞ்ஞானத்தின் பெயராலும் மூடநம்பிக்கை வரும் என்பதை நாம் மறைக்கக்கூடாது. ரேடியம் கண்டுபிடித்த புதிதில் அது சகல ரோக நிவாரணி என்று சொல்லி, ரேடியம் கலந்த தண்ணீரைச் சீசாவில் அடைத்து அமெரிக்காவில் விற்றார்கள். பையர்ஸ் என்கின்ற பெரிய பணக்காரர் அதைச் சீசா சீசாவாகக் குடித்தார். தாடை எலும்பு அழுகி 1932-ல் செத்துப்போனார். நம் ஊர்த் தீர்த்தத்தில் கதிர் இல்லாததினாலே குடிப்பவன் பிழைத்துக்கொள்கிறான்! கடிகார முள்ளுக்கு ரேடியம் பூசிய ஏழைப் பெண்கள் தூரிகையை உதட்டால் கூராக்கி உதட்டால் கூராக்கி நோய்ப்பட்டு மாண்டார்கள். "ஒன்றும் செய்யாது" என்று முதலாளிகள் சொன்னதை நம்பினார்கள். கியூரி அம்மாளும் 1934-ல் ரத்தம் ஊறாத நோயால்தான் இறந்தார். இன்று தொழில்நுட்பர் மார்பில் தொங்குகிற சிறு பட்டை இருக்கிறதே, அது இவர்கள் எல்லோருடைய சாவிலிருந்தும் கற்றுக்கொண்ட பாடம்.

இந்தத் திருச்சுழியில் 1879-ல் பிறந்து திருவண்ணாமலையில் ரமண மகரிஷி என்று பெயர் பெற்றவரை உங்களுக்குத் தெரியும். அவருக்கு இடது முழங்கைக்குப் பக்கத்தில் கட்டி வந்தது. அது புற்றுக் கட்டி. 1949-ல் நாலு தடவை அறுத்தார்கள், ரேடியமும் வைத்தார்கள். 1950 ஏப்ரல் 14-ல் காலமானார். அவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். கட்டி வந்தது பாவத்தினால் என்று எந்தப் பக்தராவது சொன்னாரா? தொழுவத்தில் வைத்தார்களா? டாக்டரைக் கூப்பிட்டார்கள், ரேடியத்தைத் தேடினார்கள். சரியான காரியம். அப்படியானால் ஒரு தறிக்காரன் பெண்சாதிக்குக் கட்டி வந்தால் மாத்திரம் அது எப்படிப் போன ஜென்மத்து வினை ஆகும்? மகானுக்கு வந்தால் நோய், ஏழைக்கு வந்தால் பாவமா?

ஜாதகமும் கதிர்க் கணக்கும்

இனி அந்த நெசவாளர் வீட்டுத் தோழியரின் சங்கதி. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்தார்கள், பிடித்திருந்தது. உத்தியோகத்தை விசாரித்தார்கள். "அணுவிலே வேலையாமே, பிள்ளை பிறக்குமா?" என்று சொல்லிப் போய்விட்டார்கள். போகும்போது ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தோழர்களே! அந்தப் பெண்ணிடம் ஜாதகத்தைவிட உண்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. அவர் மார்பில் அணிகிற பட்டையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பிச் சோதித்து, எவ்வளவு கதிர் பட்டது என்று எழுதி வைக்கிறார்கள். 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதற்கு எல்லை வைத்திருக்கிறது. ஐந்து வருஷ சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் போகக்கூடாது. மில்லிசீவர்ட் என்பது கதிரை அளக்கிற படி. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் தின்கிற உணவிலிருந்தும் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் சும்மாவே படுகிறது. ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு வேலையினால் சேருவது அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்பதே வழக்கம். அந்த எல்லைக்குள் பட்டதனால் ஒரு பெண் மலடியாவதில்லை. கர்ப்பம் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டால், சிசுவுக்கு என்று தனி எல்லை வைத்து அதற்கேற்ப வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி.

ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்பது கிரகம் இருக்கிறது. அதில் எதையாவது எவனாவது அளந்ததுண்டா? செவ்வாய் தோஷம் எத்தனை மில்லிசீவர்ட்? அளந்து எழுதிய காகிதத்தை ஒதுக்கிவிட்டு, அளக்காமல் எழுதிய காகிதத்தைப் பார்த்துப் பெண் எடுக்கிற புத்தி ஒழிய வேண்டாமா? அந்தப் பெண் வேலையை விடவில்லை. "என்னைப் பிடிக்காமல் போனவர்களுக்காக, என்னை நம்பி வருகிற நோயாளியை ஏன் விட வேண்டும்?" என்று கேட்டார். நாம் சுயமரியாதை என்று மேடையில் மணிக்கணக்காகப் பேசுவதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, நம் பிள்ளைகளை இந்த வேலைக்குப் படிக்க வைக்க வேண்டும். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம் முதலிய விஞ்ஞானப் பாடங்களை எடுத்தவர்கள் இதற்கென்றுள்ள பட்டப் படிப்பில் சேரலாம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் 1963 முதல் நடந்து வருகிறது. அங்கேயும் பயிற்சி உண்டு. டாக்டர், இன்ஜினீயர் என்று இரண்டே உத்தியோகந்தான் உலகத்தில் இருப்பதாக நினைத்துக் கொண்டிருக்கிற தகப்பன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முக்கியமாகப் பெண்களைப் படிக்க வைக்க வேண்டும். இந்த வித்தைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் ஒரு பெண். நம் நாட்டில் புற்றுநோய்க்கென்று சென்னை அடையாற்றில் 1954-ல் ஆஸ்பத்திரி ஏற்படுத்தப் பாடுபட்டவரும் ஒரு பெண்தான். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களே அவர்.

இரண்டாவது, கதிர் ஊசி போட்டவர்கள் படுத்த துணியும் போன மூத்திரமும் யார் கையில் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். அந்த வேலையில், பட்டம் படித்த தொழில்நுட்பரே கையுறை போட்டுக்கொண்டு, சிந்திய மூத்திரத்தைத் துடைத்து, மீட்டர் வைத்துப் பார்க்கிறார். துணியைக் கதிர் அடங்குகிறவரை தனியாக வைத்துப் பிறகே வெளுக்கப் போடுகிறார். மூத்திரம் துடைப்பது ஒரு ஜாதியின் தொழில் என்று சொல்லுகிற தேசத்தில் இது சின்னக் காரியமல்ல. எந்த ஆஸ்பத்திரியிலாவது சோம்பேறித்தனத்தால் அந்த வேலையை, விஷயமே தெரியாத துப்புரவுத் தொழிலாளியின் தலையில் தள்ளுவார்களானால் அது குற்றம் மாத்திரமல்ல. பழைய ஜாதி வழக்கத்துக்குப் புதுச் சட்டை போடுவதுமாகும். அந்தத் தொழிலாளிக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கதிர் அறைக்குள் வேலையிருந்தால் அவர் மார்பிலும் பட்டை தொங்க வேண்டும்.

மூன்றாவது, நம் வீட்டில் ஒருவர் இந்த வைத்தியத்துக்குப் போனால், புறப்படும்போதே ஒருவர் கூடப் போய், எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும், யாரிடமிருந்து, எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலண்டரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்ததும் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஒரே பந்தியில் சோறு போடுங்கள். சந்தேகமிருந்தால் கோடாங்கியிடம் போகாதீர்கள். மீட்டர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

தோழர்களே! கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை. கதிர் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால் இருக்கிறது. இருக்கிறதனாலே கருவி காட்டுகிறது. எவன் வேண்டுமானாலும் போய் மறுபடியும் அளந்து பார்க்கலாம். கண்ணுக்கும் தெரியாமல், கருவிக்கும் தெரியாமல், சொல்லுகிறவன் வாயில் மாத்திரம் இருக்கிற தீட்டையும் தோஷத்தையும் வினையையும்தான் பொய் என்கிறோம். அந்தப் பொய்யின் பெயரால் இனி ஒரு தாயும் தொழுவத்தில் படுக்கக்கூடாது. ஒரு பெண்ணும் தான் செய்கிற நல்ல வேலைக்காகத் தலை குனியக்கூடாது.